கைக்கு ஒரு வேலை

முக்கூடல் பக்கம் ஆயுசு முழுக்கப் பீடி சுற்றிய ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது மறதிநோய். மகள் பேர்கூட நினைவில்லை. விரல்கள் மட்டும் சும்மா இருக்காது. முந்தானையைச் சுருட்டும், பிரிக்கும், மறுபடி சுருட்டும்.

பேரை மறக்கிற மூளை, கைப்பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விடாது. அதட்டாதீர்கள். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

வெளிநாடுகளில் இதற்காகவே கம்பளி நூலில் இரு கைகளையும் நுழைக்கிற உறை பின்னி, பொத்தானும் ரிப்பனும் தைத்துத் தருகிறார்கள். நம்மூர் வெயிலுக்குக் கம்பளி ஆகாது. பழைய நூல் சேலையை மடித்து, மடியில் விரிக்கிற அளவுக்குத் தையுங்கள். ஓர் ஓரம் ஜரிகை. இன்னோர் ஓரம் பத்தமடைப் பாய்த் துண்டு. கோரையின் வழவழப்பு விரலுக்குச் சுகம். நடுவில் சுருட்டவும் முடிச்சுப் போடவும் நாடா. வீரவநல்லூரில் தறி நெய்தவரா? நூல்கண்டு ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். அவரவர் கை செய்த வேலை எதுவோ, அதுதான் கணக்கு.

பாய்த் துண்டின் விளிம்பைத் துணியால் மூடிவிடுங்கள், குத்தும். பொத்தான் வைத்தால் இழுத்துப் பாருங்கள். கழன்றால் வாயில் போட்டுக்கொள்வார்கள். குழந்தை விளையாட்டு என்று வீட்டில் யாரும் கேலி பேச வேண்டாம். பழைய சேலை ஒன்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.