பதினெட்டு வயதும் ஓர் ஓட்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"பதினெட்டு வயசுப் பயலுக்கு ஓட்டுப் போட என்ன தெரியும், வாத்தியாரே?" என்று போன வாரம் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். "அண்ணே, நீங்க எந்த வயசுல வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டேன். "பதினாறு" என்றார். பதினாறில் குடும்பத்தைத் தாங்கத் தெரிந்தவருக்குப் பதினெட்டில் ஓட்டுப் போடத் தெரியாதா? தெரியாவிட்டால், சொல்லிக் கொடுப்பது உங்கள் கடமை, என் கடமையும்தான்.

நம் நாட்டில் முன்பு வாக்களிக்கும் வயது 21. அதை 18 ஆக்கும் திருத்தத்தை, 2019 ஜூலை 16ஆம் நாள் மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. 2022 பொதுத்தேர்தலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள்.

இப்போது பெயர் தானாகவே பதிவாகிறது. முன்பெல்லாம் நாமே போய்ப் பதிய வேண்டும். அப்போது பயிற்சிக் கல்லூரியில் இருந்த நான், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருந்துவிட்டேன். 2013 தேர்தலன்று நண்பர்கள் மை பூசிய விரலோடு வந்தார்கள். நான் கையை மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். குடிமகன் என்று காட்டும் அடையாளக் கார்டு இருந்தால்தான் ஓட்டு உண்டு. கார்டில் பழைய தோட்டத்து முகவரி இருந்தால் ஓட்டும் அந்தப் பக்கமே போய்விடும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறிவிட்டன. முகவரி மாற்றாதவர்களும், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காதவர்களும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

இலங்கையில் நம்மைப் போலவே தோட்டத்தில் உழைத்த தமிழர்களில் பெரும்பாலோர், 1948இல் குடியுரிமையையும் 1949இல் ஓட்டையும் இழந்தார்கள். அதை மீண்டும் பெறப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கையில் இருப்பதை நாம் அலட்சியம் செய்யலாமா?

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே, 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கிறீர்கள். ஓட்டுக்கு இன்னும் ஆறே வருடம்தான். தினமும் பத்திரிகை படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். பணத்துக்கும் பயத்துக்கும் ஓட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். பரிசு பெறும் உங்கள் கைகளில் ஒருநாள் அந்த மையையும் பார்க்க ஆசைப்படுகிறேன்.