பிச்சைக்கு ஆகாத கை



மாற்றுத்திறனாளிகளுக்குப் பெரிய தடை உடற்குறையா, ஊரார் பார்வையா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "கால் இல்லேன்னா நடக்க முடியாது, கை இல்லேன்னா எழுத முடியாது, இதுல ஊரை ஏன் இழுக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டு உட்கார்ந்துட்டார். ஐயா, நான் ஊரை இழுக்கலை. ஊர்தான் அவங்களைப் பின்னுக்கு இழுக்குது! (கைதட்டல்)

ஒரு கையோட கதை சொல்றேன். கற்பனை இல்லை, நடந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்னு சொன்னேனே தவிர, 1914-இல் அவர் பிறந்தது நம்ம கொல்லிமலையில. மிஷனரி பெற்றோரின் பிள்ளை. அறுவை சிகிச்சை நிபுணர். செங்கல்பட்டு பக்கம் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ஒரு நாள் போனார். அங்கே ஒரு நோயாளி. விரல்கள் எல்லாம் உள்நோக்கி மடங்கிக் கிடக்குது.

அந்தக் காலத்தில் தொழுநோயாளி எதிரே வந்தால் தெருவே முகத்தைத் திருப்பிக்கும். இவர் என்ன செய்தார்? தன் கையை நீட்டினார். முடிஞ்ச மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

பிடிச்சார் பாருங்க ஒரு பிடி! டாக்டருக்கு வலி தாங்கலை. செத்த கைன்னு நினைச்சது இரும்புப் பிடி பிடிக்குது! அந்த வலியில்தான் அவருக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. நரம்பு கெட்டதால் கையில் சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன. முன்னங்கைத் தசைகளின் வலு அப்படியே இருக்கிறது. நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்தால், மடங்கின விரல் நிமிருமே! வேலூரில் அப்படியே செய்தார். விரல்கள் நிமிர்ந்தன.

நடுவர் அவர்களே, வழக்கே இங்கேதான் இருக்கு. கை சரியாயிடுச்சு. எதிரணி வாதப்படி பிரச்சினை தீர்ந்திருக்கணுமா இல்லையா? குணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? மடங்கின கையா இருந்தப்ப இரக்கப்பட்டுக் காசு போட்டாங்க. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் விழலை, வேலையும் கிடைக்கலைன்னாங்க. டாக்டர் கையை நிமிர்த்திட்டார், ஊர் மனசு மடங்கியே கிடந்தது! அதை நிமிர்த்த எந்தத் தசைநாணைத் தைக்கிறது? (கைதட்டல்) அதற்குப் பிறகுதான் வேலூரிலேயே நவஜீவ நிலையம் என்று ஓர் இடம் அமைத்து, அவர்களுக்குத் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்யவும் பழக்கினார்கள்.

'கால் இல்லேன்னா நடக்க முடியாது'ன்னார் எதிரணித் தலைவர். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ்னு ஓர் அம்மா. 1954-இல் வாகன விபத்து. முதுகுத்தண்டில் அடிபட்டு, கால்கள் செயலிழந்து போச்சு. பாவம்னு சொல்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. பிராண்ட் பாவம்னு சொல்லலை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யலாமேன்னார். செஞ்சாங்க! அதுவும் தொழுநோயாளிகளின் கைகளுக்கே செஞ்சாங்க. பின்னால் அமெரிக்கா போய்ப் படித்து வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினாங்க. 1972-இல் பத்மஸ்ரீ. கால் நடக்கலை ஐயா, வாழ்க்கை நடந்துச்சு! இல்லாததை விட்டுட்டு, இருப்பதைப் பார்க்க ஒருத்தர் இருந்தார், அதனால நடந்துச்சு.

இதெல்லாம் பழங்கதைன்னு தள்ளிடாதீங்க. தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 1980-களிலேயே வந்தாச்சு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணம். ஆனால், துணைக்குத் தொழுநோய் என்று காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டம் எப்போ மாறியது தெரியுமா? 2019-இல்! மருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு!

உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் ஒண்ணு. அதைப் புடவைத் தலைப்பால் மறைக்கிறாளே ஒரு தங்கச்சி, அவள் எதுக்குப் பயப்படுறா? நோய்க்கா? இல்லை, கல்யாணம் நின்னுடுமேன்னு ஊருக்குப் பயப்படுறா. மறைக்க மறைக்க நரம்பு கெடுது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாத கை சுடுபாத்திரத்தையும் விடாது. புண்ணாகுது, விரல் போகுது. ஆகவே நடுவர் அவர்களே, ஊரார் பார்வை தடையாக மட்டும் நிற்கவில்லை, உடற்குறையை உண்டாக்குவதே அதுதான்! (பலத்த கைதட்டல்)

ஊர் மாறுமான்னு கேட்பீங்க. அதைப் புதுக்கோட்டையில் நின்னுக்கிட்டு கேட்கலாமா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப, பொம்பளை சைக்கிள் ஓட்டுறதான்னு சிரிச்சவங்க இங்கேயும் இருந்தாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிச்சுக் காட்டினாங்க. சிரிச்ச வாய் மூடிக்கிச்சு. இந்த மண்ணுக்குப் பார்வையை மாற்றத் தெரியும்.

கை குலுக்கினால் தொழுநோய் ஒட்டாது. அதனால அடுத்த முறை மடங்கின கை ஒன்று உங்கள் முன்னால் நீண்டால், பையில் சில்லறையைத் தேடாதீங்க. அந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க. அதில் இன்னும் எவ்வளவு வலு இருக்குன்னு உங்கள் கையே சொல்லும். பெரிய தடை ஊரார் பார்வையே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.