ஆலைச் சங்கு பாடிய பாட்டு
(படிப்பகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சங்கு ஊதினால் நமக்கு என்ன நினைவு வரும்? ஷிப்டு. ஒரு நிமிஷம் பிந்தினால் கேட் சாத்திவிடுவார்களே என்ற பதைப்பு. வயலில் நிற்கும் தோழர்களும் அதே சங்கைக் கேட்டுத்தான் பொழுது பார்க்கிறார்கள். அந்தச் சங்கை வாத்தியமாக்கிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அவர் பெயர் அர்ஸேனி அவ்ராமோவ், ருஷ்ய இசைக்காரர். இடம் காஸ்பியன் கடற்கரையிலுள்ள எண்ணெய் நகரமான பாக்கூ. அது இன்று அஸர்பைஜான் நாட்டின் தலைநகர். நாள் 1922 நவம்பர் 7, அக்டோபர் புரட்சியின் ஐந்தாம் ஆண்டு விழா. அன்று கச்சேரிக்கு மண்டபமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஊரே மேடை. ஆலைச் சங்குகள், துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல்கள், ரயில் எஞ்சின்கள், பீரங்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், வானில் விமானங்கள், தெருவில் பாடி வரும் மக்கள் கூட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே இசை. உயரமான இடத்தில் ஏறி நின்று, கொடிகளை அசைத்து அவ்ராமோவ் அதை நடத்தினார். எந்தக் குண்டு வெடித்தால் எந்தச் சங்கு ஊத வேண்டும் என்ற விவரம் முன்கூட்டியே உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சாகியிருந்தது!

இரைச்சல்தானே என்பீர்கள். வெறும் இரைச்சல் அல்ல. வெவ்வேறு சுரத்துக்கு இசைத்த நீராவி ஊதல்களை ஒரே குழாயில் பொருத்தி, ஊதலுக்கு ஓர் ஆளை நிறுத்தினார். அவர்களுக்குச் சங்கீதக் குறிப்பு தெரியாது. ஆகவே பாட்டின் சொற்களையே எழுதிக் கொடுத்தார். தன் சொல் வரும்போது அவரவர் ஊதலைத் திறக்க வேண்டும். சர்வதேச கீதம் அப்படித்தான் ஒலித்தது. படித்த வித்வான் மட்டுமே வாசிக்க முடியும் என்ற வேலியை அவர் தாண்டிய இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்று ஒலிப்பதிவு செய்யாமல் போனது நம் துரதிருஷ்டம். மறு ஆண்டு மாஸ்கோவில் சிறிய அளவில் மீண்டும் நடத்தினார்.

இப்படிக் கலைகளை ஒன்றோடொன்று கலந்ததெல்லாம் வெற்றி பெற்றதா? இல்லை, தோழர்களே. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸெர்கேய் ஐஸன்ஸ்டைன் அப்போது சினிமாக்காரர் அல்ல, நாடகக்காரர். 1923ல் ஒரு பழைய நாடகத்துக்குள் சர்க்கஸையும் கயிற்று நடையையும் ஒரு குட்டிப் படத்தையும் நுழைத்தார். 1924ல் இன்னும் ஒரு படி போய், த்ரெத்தியாகோவ் எழுதிய ‘காஸ் முகமூடிகள்’ நாடகத்தை மாஸ்கோவின் காஸ் ஆலைக்குள்ளேயே போட்டார். ஆலையில் காஸ் கசிகிறது. முகமூடி வாங்கி வைக்கவில்லை. தொழிலாளர்கள் முறை வைத்து, சில நிமிஷம் சில நிமிஷமாக உள்ளே போய் உயிரைப் பணயம் வைத்து அடைக்கிறார்கள். இதுதான் கதை. நாடகம் முடிகிற நேரத்தில் அசல் இரவு ஷிப்டு ஆட்கள் வந்து வேலையைத் தொடங்குவார்கள்.

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் சில நாளில் நின்றுவிட்டது. காரணம் உங்களுக்குத் தெரியாததா? நிஜமான யந்திரத்தின் பக்கத்தில் நடிகர் வேஷம் போட்டு நின்றால் வேஷம்தான் தெரியும். பாக்கூவில் சங்கு சங்காகவே ஊதியது. இங்கே ஆலையை வெறும் திரைச்சீலையாக்கிவிட்டார்கள். ஐஸன்ஸ்டைனே பின்னால் இதை ஒப்புக்கொண்டார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே 1924ல் கேமராவோடு ஆலைக்குத் திரும்பினார். அப்போது எடுத்த ‘வேலைநிறுத்தம்’ 1925ல் திரைக்கு வந்தது. அதுதான் அவரது முதல் முழுநீளப் படம்.