பாவம் கழுவும் ஆறும் பாதரசம் கழுவும் காடும்



காவிரியில் முழுகினால் பாவம் போகும் என்று ஐப்பசி மாதம் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் இன்றும் ஜனங்கள் கூடுகின்றார்கள். இதற்குத் தம்பியாக இன்னொரு நம்பிக்கை படித்தவர்களிடமே புறப்பட்டிருக்கின்றது. அதாவது, முதலாளி எந்த விஷத்தை ஆற்றில் விட்டாலும் கழிமுகத்து அலையாத்திக் காடு அதைச் சுத்தம் செய்துவிடும் என்பதாகும். முத்துப்பேட்டைக் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதை விசாரிக்காமல் விடலாமா?

பாதரசத்தை எடுத்துக்கொள்ளுவோம். அது எரிந்து சாம்பலாவதுமில்லை, மக்கி மண்ணாவதுமில்லை. இடம் மாறுமே தவிர ஒழியாது. அமேசான் காட்டிலும் கானா நாட்டிலும் திருட்டுத்தனமாகத் தங்கம் எடுப்பவர்கள், பொன் கலந்த மண்ணில் பாதரசத்தை ஊற்றுகின்றார்கள். அது பொன்னைப் பற்றிக்கொள்ளும். பிறகு காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பொன் நிற்கும். அந்த ஆவியைச் சுவாசிப்பவன் கூலியாள். மிச்சத்தைக் குடிப்பது ஆறு. மனிதனால் உலகக் காற்றில் சேரும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கத் தொழிலால் வருவதாக ஐக்கிய நாடுகள் சபையின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகின்றது. கடன் வாங்கியாவது நகை போடும் நாமும் இதை யோசிக்க வேண்டாமா?

நம் நாட்டிலும் நடக்காமலில்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டு 2001-இல் மூடப்பட்டது. பழைய தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016-இல்தான்!

சரி, காடு என்ன செய்கின்றது? வேர்கள் தண்ணீரின் வேகத்தை அடக்குகின்றன, வண்டல் படிகின்றது, அதோடு பாதரசமும் சேற்றில் தங்குகின்றது. கடலுக்குப் போவது குறைகின்றது. இது பெரிய உதவிதான். ஆனால் காற்றுப் புகாத அச்சேற்றிலுள்ள நுண்கிருமிகள் அதை இன்னும் கொடிய மெதில் பாதரசமாக மாற்றிவிடக் கூடும். அது புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து கர்ப்பிணிக்கும், அவள் வயிற்றுக் குழந்தைக்கும் போகின்றது. காட்டை வெட்டினாலோ, சேற்றைக் கிளறினாலோ, கிடங்கு திறந்துகொள்ளும். ஆகவே காடு கிடங்கேயன்றி விஷத்தை எரிக்கும் அடுப்பல்ல.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை இவ்விஷத்தை விட்டது. 1956-இல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1968 வரை விஷம் விடுவது நிற்கவில்லை. சமுத்திர ராஜன் கழுவினானா? இல்லை. 1977 முதல் 1990 வரை மனிதர்கள்தான் சேற்றைத் தோண்டி மூடினார்கள். செத்தவர்களும் ஊனமாய்ப் பிறந்த குழந்தைகளும் திரும்பவில்லை.

முத்துப்பேட்டைச் சேற்றில் பாதரசம் நிறைந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. நிறையாதிருக்கும்போதே காப்பதுதான் புத்தி என்கின்றோம். கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் போவதெல்லாம் கடைசியில் அங்கேதான் சேருகின்றது. 2018-இல் கஜா புயல் முறித்த காட்டின் மீது நம்முடைய குப்பையையும் சுமத்துவது நியாயமா?

ஆகவே தோழர்களே, உடைந்த தெர்மாமீட்டரை வாய்க்காலில் எறியாதீர்கள். ஆற்றங்கரைத் தொழிற்சாலை எதை விடுகின்றதென்று கேளுங்கள். தண்ணீரையும் மீனையும் பரிசோதித்துக் கணக்கை வெளியிடும்படி சர்க்காரைக் கேளுங்கள். விஷத்தை விடுகின்றவன் கையைத் தடுப்பதுதான் பரிகாரம். விட்ட பிறகு ஆற்றையும் மரத்தையும் கும்பிடுவது பரிகாரமல்ல என்று கூறி முடித்துக்கொள்ளுகின்றோம்.