பழைய கமராவின் திரைக்கோளாறு

அம்பாறைக் கரையோர ஊர்களில், ஒரு பழைய குடும்பப் படத்தின் மதிப்பு சொல்லாமலே விளங்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை, உயிர்களோடு வீட்டுச் சுவர்ப்படங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அத்தகைய படங்களை எடுத்த தூரமானிக் கமரா ஏதேனும் ஒரு பேழையில் எஞ்சியிருக்குமாயின், அதனைப் பழுதென்று தள்ளுமுன் நோயை அறிதல் நன்று.

1925இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்காவிலும், 1934 முதல் கார்கீவ் நகரில் அதனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட பெட் கமராவிலும் இறப்பர் பூசிய இரு துணித்திரைகள் உண்டு. முதல் திரை ஓடி வழிவிட, இரண்டாம் திரை தொடர்ந்து வந்து மூடும். இடையே அமையும் பிளவின் அகலமே ஒளி படும் நேரத்தை வகுக்கிறது. 1966இல் வெளிவந்த யாஷிக்கா எலெக்ட்ரோ போன்றவற்றிலோ, வில்லையினிடையே மெல்லிய உலோக இதழ்கள் விரிந்து மூடுகின்றன.

படச்சுருள் முழுதும் வெறுமையாக வந்தால், முதலில் அதன் ஓரத்து எண்களை நோக்க வேண்டும். எண்களும் இல்லையெனில் பிழை கழுவிய இடத்தது. எண்கள் தெளிவாயிருப்பின் பிழை கமராவினது. சுருள் நகரவில்லை, அல்லது திரை திறக்கவில்லை. சுருளை நகர்த்தும்போது மீள்சுற்றுக் குமிழும் உடன் சுழன்றால், சுருள் நகர்கிறது என்பது உறுதி.

படத்தின் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் இருண்டு வந்தால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது என்று கொள்ளலாம். கடுகதி விரைவுகளில் பிளவு மிக ஒடுங்குவதால், இக்குறை அங்கேதான் முதலில் தோன்றும். குறைந்த விரைவுகளில் மட்டும் பொறி இழுத்து இழுத்து ஓடினால், தாமதப் பற்சக்கரங்களில் எண்ணெய் பிசினாகியிருத்தல் கூடும். இதழ்த்திரை ஒட்டிக்கொண்டாலோ, குறை படமெங்கும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பரவும்.

படங்களில் வெண்புள்ளிகள் விழுந்தால் துணியில் துளை இருக்கலாம். தூரமானிக் கமராவில் திரையைக் காக்கும் ஆடி இல்லை. மூடியின்றிச் சூரியனை நோக்கி வைத்தால், வில்லை பூதக்கண்ணாடிபோல் துணியைச் சுட்டுவிடும். பின்கதவு திறக்கும் கமராவை இருட்டறையில் வைத்து, முன்னே விளக்கைப் பிடித்துப் பின்னிருந்து பார்த்தால் துளை மின்னும். பொறியை ஏற்றிய நிலையில் ஒரு தடவையும், ஏற்றாத நிலையில் ஒரு தடவையும் பார்த்தாலன்றி இரு திரைகளையும் சோதித்ததாகாது.

இனி, செய்யத்தகாதன. பெட், சோர்க்கி போன்ற கமராக்களில் பொறியை ஏற்றுமுன் விரைவுக் குமிழைத் திருப்பலாகாது. திரை சோம்புகிறதென்று எண்ணெய் விடுதலும் ஆகாது. அது தூசியைச் சேர்த்துப் பிசினைப் பெருக்கும். சுருள்வில்லை முறுக்கி வேகத்தைக் கூட்டுதல் அதனினும் தீது. அழுக்கு அப்படியே இருக்க வில்லின் இறுக்கம் மட்டும் ஏறுவதால், நோய் மறைந்து தேய்வு வளரும். முதலில் துப்புரவு, பின்னரே இறுக்கம் என்பதே முறை.

இத்தனையும் கண்ணாலும் செவியாலும் அறியத்தக்கவை. நோயின் இடத்தைத் திட்டமாகச் சொல்லக் கூடியவர், திருத்துநரிடம் தேவையற்ற செலவும் செய்யார். மீளப் பெறமுடியாத ஒரு மங்கல நாளை, சோதித்துப் பாராத கமராவிடம் ஒப்படைக்கவும் மாட்டார்.