ஓய்வுக்கும் ஒரு வேளை

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற பக்தர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று யாரிடம் நலம் விசாரித்தாலும் "நேரமே இல்லை" என்பதே மறுமொழியாக வருகிறது. அதனைச் சற்றுப் பெருமையோடு சொல்வாரும் உளர். அலுவலகம், சாலை நெரிசல், பிள்ளைகளின் டியூசன் வகுப்பு, வார இறுதியில் திருமணங்கள், சங்கக் கூட்டங்கள், ஆலயத் தொண்டு ஆகிய இவையெல்லாம் போக மிஞ்சுவதே ஓய்வு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மிஞ்சுவதோ ஒன்றுமில்லை. இந்த எண்ணம் சரிதானா என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நாம் கூடியிருக்கும் ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்தப்படுகிறது. மாலையில்தான் மீண்டும் திறக்கப்படுகிறது. அதன்பின் வருபவர் எத்துணைப் பெரியவராயினும் காத்திருக்கிறார். வேலையெல்லாம் முடிந்துவிட்டதால் நடை சாத்தப்படுவதில்லை. சாத்தும் வேளை வந்துவிட்டதால் சாத்தப்படுகிறது.

நம்மில் பலர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற எனக்கும் பால்மரம் புதியதன்று. ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவதே பெரும்பாலும் வழக்கம். இலையுதிர்ந்து தளிர் விடும் பருவத்தில் சீவுதலைக் குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறிச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அப்போது மரத்தைச் சீவாமல் விட்டுவைப்பதே முதல் மருந்து. ஆனால், மரம் ஓய்ந்த நாளில் அதைச் சீவிய கைகள் ஓயவில்லை. நம் பெற்றோர் விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, அடுத்த நிரையில் நின்றார்கள்.

உழைப்பவருக்கு ஓய்வு எளிதில் கிட்டிவிடவில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் 1919இல் வகுத்தது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது 1921இல் வந்தது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் வாரம் ஒரு நாள் ஓய்வை உறுதி செய்கிறது. அச்சட்டத்தின் வார வேலை வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது 2023 ஜனவரி முதல் நாளில்தான். கூட்டரசு அரசாங்க ஊழியர்களுக்கு 2005 ஜூலை முதல் வாரத்தில் ஐந்து நாள் வேலை. தலைமுறைகள் பாடுபட்டுப் பெற்ற அந்த நாளை நாம் அழைப்பிதழ்களால் நிரப்பிவிடுகிறோம்.

இதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களை 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டது. முன்னவர்க்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்றும், இருதய இரத்தக்குழாய் நோயால் மாளும் அபாயம் 17 விழுக்காடு அதிகம் என்றும் அது கண்டது.

இந்தக் கணக்குகள் எதிலும் பெரும்பாலும் சேராதவர்கள் நம் வீட்டுத் தாய்மார்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஓய்வு; அவர்களுக்கோ விருந்துச் சமையலும் வாரத் துணிமணிகளும் காத்திருக்கும் நாள். ஆடவரும் பிள்ளைகளும் அடுப்படியில் கைகொடுத்தாலன்றி, அக்குடும்பம் ஓய்வெடுத்ததாகக் கொள்ள முடியாது.

ஆகவே, புதிய நாள்காட்டி கைக்கு வந்ததும் முதலில் ஓய்வைக் குறித்துவையுங்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுங்கள். பள்ளிக் கால அட்டவணையில் இடைவேளைக்கென ஒரு கட்டம் இருந்தது நினைவிருக்கும். பாடம் முடியவில்லை என்று ஆசிரியர் அதனை அழித்துவிடவில்லை. பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. இரவு 10 மணிக்கு மேல் புலனக் குழுக்களில் அலுவல் செய்தி அனுப்புவதில்லை என்று நமக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

நிறைவாக, நிர்வாகத்தினருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். திருவிழா நாட்களில் அன்னதானக் கூடத்தில் விடியல் முதல் நள்ளிரவு வரை அதே சில முகங்களையே காண்கிறோம். அவர்கள் தாமாக ஓய்வு கேட்கமாட்டார்கள். தொண்டர் பட்டியலை இவ்வாண்டு முறைவைத்துப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பணி நேரத்தோடு ஓய்வு நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். கூடத்துக்கு வெளியே நிற்கும் நாமும் அப்பட்டியலில் பெயர் கொடுப்போம். ஒருவருக்கு இரண்டு மணி நேரமென்றாலும் போதும்.