வினைச்சொல்லைத் தேடாதே
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லத்தீன் கவிதை பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். "யாருக்குப்பா வேணும் அது?" என்றேன். "உனக்கு வேண்டியதுதானே, பேசு" என்றார்.

மாலை வேளையில் ஃபாதர் ஒருவர் இங்கே எங்கள் நால்வருக்கு லத்தீன் நடத்தினார். பரீட்சைக்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். முதலில் வினைச்சொல்லைத் தேடு, அப்புறம் எழுவாய், அப்புறம் மிச்சம். மார்க் வந்தது. ஃபாதர் மட்டும், "கவிஞன் வைத்த வரிசையிலேயே படிப்பா. தமிழ்ப் பையனுக்கு இது சுலபம்" என்பார்.

நியாயம்தான். 'தம்பியை அடித்தான் அண்ணன்' என்பதை எப்படி மாற்றிப் போட்டாலும் அடி வாங்கியவன் தம்பிதான், உருபு காட்டிக்கொடுத்துவிடும். லத்தீனில் சொல்லின் விகுதி அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே கவிஞன் தனக்கு வேண்டிய இடத்தில் சொல்லை நிறுத்தலாம். யாப்பிலும் நம்மைப் போலவே குறில், நெடில் கணக்கு உண்டு.

பாடத்தில் கட்டல்லஸின் 101ஆம் பாட்டு இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர். மொத்தமே 10 வரி. பழைய ட்ராய் நகரப் பக்கம் இறந்துபோன சகோதரனின் கல்லறைக்குக் கடல் கடந்து போய் நின்று பேசுகிறார். நான் 'வருகிறேன்' என்ற வினையை முதலில் பிடுங்கியெடுத்து மொழிபெயர்த்து, 10க்கு 8 வாங்கினேன்.

1994இல் டில்லியில் என் அண்ணா காலமானார். ரயிலில் நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து ஒரு ராத்திரி அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

அன்றுதான் வரிசையாகப் படித்தேன். முதல் வரி முழுக்க நாடுகள், கடல்கள், பயணம். 'வருகிறேன்' இரண்டாம் வரியில்தான் வருகிறது. படிக்கிறவனும் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கப்புறம்தான் அவர் கூப்பிடுகிறார். லத்தீனில் மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஒரே சொல். பாட்டில் மூன்று தடவை அப்படிக் கூப்பிடுகிறார். மூன்று தடவையும் நான் 'அண்ணா' என்றே படித்தேன். சாம்பல் பதில் பேசாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிடுகிறார்.

ஃபாதர் இன்று இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்: அந்த 8 மார்க் எனக்குச் சேரவேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் பழைய பாடப்புத்தகம் கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஒருநாள் வேண்டியிருக்கும்.